முட்டை அறையை அணைக்கலாமா?

அனுப்புநர்: முனைவர் வஜிஹா, பட்டுப்புழு ஆய்வுப் பிரிவு, பல்கலைக்கழக விரிவாக்க மையம், ஒசூர்.
பெறுநர்: திரு. ரத்தினவேல், பொறுப்பாளர், கணிப்பொறி மையம், மேற்படி வளாகம்.
நாள்: 12-4-1989
பொருள்: குளிர் அறைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது – விளக்கம் கோருதல்.

ஐயா,

மைசூர் கருத்தரங்கு முடிந்து இன்று காலை திரும்பினேன். என் பிரிவின் குளிர் அறைக்கு ஒரு வாரமாகக் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை மின்சாரம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். கேட்டால், "கம்ப்யூட்டர் சார் லிஸ்ட்ல அப்டி இருக்குதுங்க மேடம்" என்கிறார் மின்பணியாளர் முனிவேல்.

அந்த அறையில் இருப்பவை பட்டுப்பூச்சி இட்ட முட்டைகள். கடுகைவிடச் சிறியவை. காகித அட்டைகளில் ஒட்டியிருக்கும். ஐந்து டிகிரிக் குளிரில் அவை தூங்க வேண்டும். தூக்கம் இடையில் கலைந்தால் தாறுமாறாக விழிக்கும், அல்லது விழிக்கவே விழிக்காது. இந்த ஊர் வெயிலைத் தாங்கும் ஓர் இனத்தை ஆறு வருடமாகக் கலந்து கலந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் விநியோகம் இந்த மாதம் 24ஆம் தேதி. தொரப்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் அந்தத் தேதியை நம்பித்தான் மல்பெரித் தோட்டத்தைக் கவாத்து செய்திருக்கிறார்கள்.

நம் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சைக்கிள் கொட்டகை மட்டுமே இருக்கிறது. நேரில் வந்தே கேட்டிருக்கலாம். ஆனால் "புழு வளர்க்கிறவர்களுக்குக் கணிப்பொறி புரியாது" என்று சென்ற மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அதன் பிறகு எழுத்தில் பேசுவதே இருவருக்கும் நல்லது. நோன்பு மாதத்தில் கோபப்படக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குளிர் அறைக்கு மின்சாரம் உடனே வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
வஜிஹா

*

நாள்: 13-4-1989
பெறுநர்: முனைவர் வஜிஹா, பட்டுப்புழு ஆய்வுப் பிரிவு.
பார்வை: தங்கள் 12-4-1989 நாளிட்ட கடிதம்.

அம்மையீர்,

கோடை மின்வெட்டை முன்னிட்டு நம் வளாகத்துக்கு மாத மின் ஒதுக்கீடு குறைக்கப்பட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. ஒதுக்கீட்டைத் தாண்டினால் மாதம் முடியும்வரை வளாகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டிப்பார்கள். எதை எப்போது அணைப்பது என்று முடிவு செய்ய, இயக்குநர் உத்தரவுப்படி, எல்லா மின்சாதனங்களையும் கணிப்பொறியில் ஏற்றிப் பட்டியல் எடுத்தோம். இந்த வளாகத்தில் அப்படி ஒன்று எடுக்கப்பட்டது இதுவே முதல் முறை.

பட்டியலில் "பட்டுப்புழுக் குளிர் அறை" என்று எதுவும் இல்லை. "முட்டை அறை" என்று ஒன்று உண்டு. விவரம் சேகரித்தவர் தோட்டப் பணியாளர் ராமப்பன். அவருக்கு வீட்டில் கன்னடம். அறைக் கதவைக் காட்டி "மொட்டெ ரூம் சார்" என்றிருக்கிறார். என் தட்டச்சர் முட்டை அறை என்று ஏற்றினார். முட்டை, பால், காய்கறி ஆகியவற்றை மாணவர் விடுதியின் கீழ் சேர்த்தது நான். "அணைக்கலாமா?" என்ற பத்தியில் "ஆம்" என்று போட்டதும் நானே. கோழி முட்டை ஆறு மணி நேரம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஆக, இது சொல்லால் நேர்ந்த குழப்பம். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. தங்கள் அறையை இப்போது இயக்கினால் அந்த மின்சாரத்தை வேறெங்காவது குறைக்க வேண்டும். பந்தியில் ஒருவருக்கு இரண்டு அப்பளம் வைத்தால் கடைசி இலைக்கு இல்லாமல் போகும். இயக்குநரின் ஒப்புதலோடு தாங்கள் மறுபடி எழுதினால் பரிசீலிக்கப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
ரத்தினவேல்

*

15-4-1989

ஐயா,

அலுவலகத் தலைப்புகளை விட்டுவிடுகிறேன். நேற்று விடுமுறை என்பதால் உங்கள் பட்டியலை உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத்தாளை இயக்குநர் அறையில் வாங்கி, முழுக்கப் படித்தேன்.

"ராமப்பன் போர்வெல்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. இன்னோர் இடத்தில் "மேல்கிணறு மோட்டார்". மூன்றாவது இடத்தில் "கார்டன் பம்ப்". இந்த மூன்றும் ஒரே மோட்டார். அதை ஓட்டுகிறவர் ராமப்பன், அது நிற்பது மேல்கிணற்றில், தண்ணீர் போவது தோட்டத்துக்கு. ஒரு மாட்டை மூன்று பேர் மூன்று பெயரில் கூப்பிட்டால் உங்கள் கணிப்பொறி மூன்று மாட்டுக்குப் புல் போடும் போலிருக்கிறது. வளாகத்திலேயே அதிகம் மின்சாரம் குடிப்பது மோட்டார்கள் என்று நீங்கள் கண்டுபிடித்ததும் இப்படித்தான். இல்லாத மோட்டாருக்கு மின்சாரம் ஒதுக்கி, இருக்கிற என் முட்டைகளை அணைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினேன். கணிப்பொறி மையம் அதில் இல்லை. கண்ணாடி அறை, இரண்டு ஏசி, இரவும் பகலும் ஓடுகிற உங்கள் பெரிய பெட்டி, எதுவும் இல்லை. பந்திக்கு இலை எண்ணியவர் தன் இலையை எண்ணவே இல்லை. அப்பள உதாரணம் நீங்கள் ஆரம்பித்ததுதானே.

சென்ற கடிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிய அலுவலக உதவியாளர் சென்றாயன் வாசலில் நின்று ஒன்று சொன்னார்: "மேடம், அந்த சாரு பேப்பர வாங்கறப்பவே மூஞ்சி சுருங்கிப்போவுது. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல தான போறீங்க, அங்கயே பேசித் தொலைக்கலாம் இல்ல?" 

வஜிஹா

*

18-4-1989

அம்மையீர்,

சரிபார்த்தேன். மோட்டார் ஒன்றுதான். வேதியியல் ஆய்வகமும் இரண்டு முறை வந்திருக்கிறது. தெலுங்கு பேசுகிற ஒருவரிடம் ஒரு பெயர், தமிழ் பேசுகிறவரிடம் வேறு பெயர். எங்கள் கோவில்பட்டியில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். இந்த ஊரில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

தங்கள் அறைக்கு நேற்று மாலையிலிருந்து மின்சாரம் வந்திருக்கும். ஒப்புதல் இன்னும் வரவில்லை. முனிவேலிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். இதை எழுத்தில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

கணிப்பொறி மையம் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அதை அணைக்க முடியாது என்பது. அணைக்க முடியாததை எதற்குப் பட்டியலில் சேர்ப்பது என்று விட்டுவிட்டேன். ஏன் முடியாது என்று கேட்பீர்கள். கட்டணப் பிரிவு மாணவர் பெயர்களைத் தனியாகத் தருகிறது, விடுதி தனியாக, தேர்வுப் பிரிவு தனியாக. ஒரே பையன் ஓர் இடத்தில் கிருஷ்ணப்பா, மற்றோர் இடத்தில் கிருஷ்ணப்பன், மூன்றாவதில் கிட்டப்பன். இயந்திரத்துக்கு அவர்கள் மூன்று பேர். ஒரே வேலையை மூன்று தடவை ஓட்டுகிறோம். பிறகு மூன்றும் ஒத்துப்போகாததால் மறுபடி ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகூட ஓடுகிறது. அது ஓடினால் ஏசியும் ஓட வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன். தங்கள் அறையும் என் மையமும் இப்படியே சேர்ந்து ஓடினால், மாதம் முடிவதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அப்போது இணைப்பைத் துண்டிக்க வருகிறவர்கள் என்ன முட்டை என்று கேட்கமாட்டார்கள்.

ரத்தினவேல்

*

19-4-1989

ரத்தினவேல் சார்,

மின்சாரம் வந்தது. நன்றி. ஆனால் இன்று காலை அட்டைகளை எடுத்துப் பார்த்தபோது, வாசல் பக்கத்து அலமாரியில் இருந்தவை நீலம் பூத்திருந்தன. முட்டை நீலமானால் உள்ளே புழு உருவாகிவிட்டது என்று அர்த்தம். இனி அதைத் தூங்க வைக்க முடியாது. ஓரிரு நாளில் வெளியே வரும். வந்ததும் தளிர் இலை வேண்டும். தோட்டங்களோ இப்போதுதான் கவாத்து முடிந்து மொட்டைக் குச்சியாக நிற்கின்றன. பிள்ளை பிறக்கும் நேரத்தில் பசு ஊரில் இல்லாத கதைதான்.

உள் அலமாரிகளில் இருப்பவை இன்னும் தூங்குகின்றன. அவற்றையாவது 24ஆம் தேதிவரை காப்பாற்ற வேண்டும். அதன் பிறகும் என் தாய் இனத்து அட்டைகள் அங்கேயே இருக்கும். அடுத்த தலைமுறையை எடுப்பது அவற்றிலிருந்துதான். நடுவில் வளாகத்தையே இருட்டாக்கினால் ஆறு வருடமும் போய்விடும். மைசூரில் இதே இனத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வந்தேன். கை தட்டினார்கள்.

நீங்கள் மூன்று கிருஷ்ணப்பன்களைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தும் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் இந்தத் தொல்லை பழையது. ஒரே முட்டையைக் கன்னடத்தார் ஒரு பெயரிலும், நம் ஆட்கள் வேறொன்றிலும், வியாபாரிகள் மற்றொன்றிலும் கேட்பார்கள். நாங்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. முட்டையிட்ட தாய்ப்பூச்சிக்கு ஓர் எண். அந்த எண்ணைத்தான் அட்டையில் எழுதுவோம். அட்டை எந்த ஊருக்குப் போனாலும், எவர் என்ன பெயர் வைத்தாலும், எண் மாறாது. நோய் வந்தால் எந்தத் தாய் என்று உடனே தெரியும். ஒரு பையனுக்கு ஓர் எண், ஒரு மோட்டாருக்கு ஓர் எண் என்று வைத்தால் உங்கள் பெட்டி ஒரு வேலையை ஒரு தடவை ஓட்டினால் போதாதா? இது புழு வளர்க்கிறவள் சொல்வது. புரியாமல் சொல்லியிருக்கலாம்.

நேற்று பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்கள். மூக்கண்டப்பள்ளி வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முன்பெல்லாம் ஜன்னலோர இடத்துக்கு என்னோடு சண்டை போடுவீர்கள். அந்தச் சண்டையே பரவாயில்லை.

வஜிஹா

*

24-4-1989

வஜிஹா மேடம்,

20ஆம் தேதி காலை கணிப்பொறியை அணைத்துவிட்டேன். இரண்டு ஏசியையும் சேர்த்துத்தான். இனி மே முதல் தேதிதான் போடுவேன். அதுவரை உங்கள் அறைக்கு மின்சாரம் நிற்காது. மீட்டரை முனிவேலோடு நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து வரும் இன்ஜினியர் எப்போதும் ஒன்று சொல்வார்: "அணைச்சா திரும்ப எழுந்திருக்குமான்னு கேரண்டி இல்ல சார்." அந்தப் பயத்திலேயே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோம்.  கண்ணாடி அறை அமைதியான பிறகுதான் அதுவரை அங்கே எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

இயக்குநர் கூப்பிட்டார். தேர்வு முடிவு தள்ளிப்போகும் என்று நான் சொன்னதும், "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு கம்ப்யூட்டர் சென்டர்னு போர்டு எதுக்குய்யா?" என்றார். முடிவு ஒரு வாரம் தாமதமானால் பிள்ளைகள் திட்டுவார்கள், முட்டை ஒரு நாள் கெட்டால் ஆறு வருடம் கெடும் என்றேன். முட்டைக்கு எதற்கு ஆறு வருடம் என்று கேட்டார். கோழி முட்டை என்றே அவரும் நினைத்திருந்தார். நான் ஒருவன் மட்டும் முட்டாள் இல்லை என்பதில் சின்ன ஆறுதல்.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை ஒன்று வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொள்கிறேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்போது நானும் தட்டச்சர்கள் இருவரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதத் துண்டுகளில் ஒரு மாணவருக்கு ஓர் எண் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பிரிவுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கிருஷ்ணப்பனையே நேரில் வரவழைத்து, நீ யாரப்பா என்று கேட்டோம். அவன் சான்றிதழில் இருந்தது நான்காவது பெயர்.

இன்று உங்கள் விநியோகம். சைக்கிள் கொட்டகை வரை வந்தேன். உங்கள் வாசலில் விவசாயிகள் நின்றிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

ரத்தினவேல்

*

கிருஷ்ணகிரி
8-5-1989

ரத்தினவேல் சார்,

பெருநாள் விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். நேற்று பிரியாணி சாப்பிட வந்த சென்றாயன், உங்கள் 24ஆம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாததை நினைவூட்டினார். "சாரு தெனம் தபால் பையில கைய உட்டுப் பாக்கறாரு மேடம், பாவமா இருக்குது" என்றார். அவர் மிகைப்படுத்துகிறவர் என்பதால் பாதிதான் நம்பினேன்.

எழுதாததற்குக் காரணம், என்ன நடந்தது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

நீலம் பூத்தவை நான் சொன்னபடியே வெளியே வந்தன. வளாகத்து மல்பெரிச் செடிகளின் தளிரை எல்லாம் கிள்ளிப் போட்டோம். தொரப்பள்ளி விவசாயி சரோஜம்மாள், கவாத்துக்குத் தப்பிய தன் வரப்புச் செடி ஒன்றையே உருவிக் கொண்டுவந்தார். போதவில்லை. பெரும்பாலானவை செத்துவிட்டன. தட்டிலிருந்து அள்ளிக் கொட்டியது நான்தான், வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. 

24ஆம் தேதி, பாதிப் பேருக்குத்தான் அட்டை கொடுக்க முடிந்தது. மீதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பினேன். சரோஜம்மாளுக்கும் இல்லை. "எங்க மொட்டெய கரண்டு ஆபீசருங்க அவிச்சித் தின்னுட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தோட்டத்து இலை இந்தத் தடவை ஆட்டுக்குத்தான் போகும்.

கொடுத்த அட்டைகள் மூன்று நாள் முன்பு ஒரே காலையில், ஒன்றாகப் பொரிந்தன. தாய் இனத்து அட்டைகளும் பத்திரம். நீங்கள் அணைத்திருக்காவிட்டால் இவையும் போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். முதலில் அணைத்தவரும் நீங்கள், பிறகு காப்பாற்றியவரும் நீங்கள். உங்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோபம் போகவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பொய் எழுத எனக்கு வராது.

வஜிஹா

*

ஒசூர்
15-5-1989

வஜிஹா மேடம்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்திருக்கிறேன்.

கணிப்பொறி மே முதல் தேதி ஒரு முனகலும் இல்லாமல் எழுந்துவிட்டது. பெங்களூர் இன்ஜினியருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு மாணவருக்கு ஓர் எண் என்று ஆன பிறகு மூன்று பிரிவின் வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிகிறது. வாரத்தில் ஏழு நாளும் ஓடியது இப்போது செவ்வாய், வெள்ளி மட்டும் ஓடுகிறது. மற்ற நாட்களில் பெட்டியும் ஏசியும் அணைந்தே இருக்கின்றன. தேர்வு முடிவும் வந்துவிட்டது. ஏப்ரலில் ஒதுக்கீட்டைத் தாண்டவில்லை, மே மாதத்தில் பக்கத்திலேயே போகமாட்டோம். இயக்குநர் இதைத் தன் யோசனை என்று தலைமை வளாகத்துக்கு எழுதியிருக்கிறார். குறிப்பாணையை ரத்து செய்யத்தான் மறந்துவிட்டார்.

இத்துடன் புதிய மின்சாதனப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண். பக்கத்திலேயே அதைத் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எல்லாப் பெயரும் போட்டிருக்கிறது. ராமப்பன் கூடவே நடந்து எல்லாவற்றையும் சொன்னார். முதல் எண் கணிப்பொறி மையம். இந்தத் தடவை என் இலையை முதலில் போட்டேன்.

பழைய பட்டியலில் "அணைக்கலாமா?" என்ற பத்தி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் "யாரைக் கேட்டு அணைப்பது?" என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரிவுக்கும் நானே போய் எழுதி வாங்கினேன். கணிப்பொறி மையத்துக்கு நேரே "யாரையும் கேட்க வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். முனிவேல் தயங்கினார். ஒரு தடவை அணைத்துக் காட்டினேன்.

உங்கள் அறைக்கு நேரே மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே நான் எதையும் நிரப்பமாட்டேன். அறையின் பெயரையும் மாற்றவில்லை. குளிர் அறை என்று திருத்தலாமா என்று தட்டச்சர் கேட்டார். முட்டை அறை என்றே இருக்கட்டும் என்றேன். இனி அந்தப் பெயரைப் படிக்கிற யாருக்கும் அது எந்த முட்டை என்று இந்த வளாகத்தில் சந்தேகம் வராது.

ரத்தினவேல்

*

19-5-1989

ரத்தினவேல் சார்,

பட்டியல் கிடைத்தது. உங்கள் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. அதற்குப் பதில் பட்டியலில் ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறீர்கள். செத்துப்போன புழுக்களுக்கு அது போதுமா என்று கேட்டால் போதாது. ஆனால் அந்தப் பத்தி பழைய பட்டியலிலேயே இருந்திருந்தால், நான் மைசூரில் இருந்தபோது யாராவது எனக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். 

காலி இடத்தை நிரப்பிவிட்டேன். "வஜிஹாவைக் கேட்க வேண்டும். அவர் ஊரில் இல்லாவிட்டால் ரத்தினவேலைக் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்பார்."

கொடுத்த அட்டைகள் விவசாயிகள் வீட்டில் நன்றாக வளர்கின்றன. வெயில் கொளுத்துகிறது, புழுக்கள் தாங்குகின்றன. சரோஜம்மாளுக்கு ஆடி மாத அட்டையில் முதல் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். "மொதல்ல மொட்டெய கண்ணுல காட்டு" என்றார்.

திங்கள்கிழமை காலைப் பேருந்தில் வருவேன். ஜன்னலோர இடம் உங்களுக்கு வேண்டுமானால் உட்காரலாம்.

கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வஜிஹா